மணி கேட்காத பெட்டி

இந்த வீட்டில் ஒரு பொருளாவது தன் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும் என்று துளசிராமன் முடிவு கட்டி வேலையில் இறங்கியது ஆடி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை நாஷ்டாவுக்கு முன்னால்.

நியாயமான ஆசைதான். மணவாள நகரில் அந்த வாடகை வீட்டின் கீழ்ப்போர்ஷனில் அவன் பேச்சை எது கேட்டது? மிக்ஸி கேட்காது. மண்டையில் ரெண்டு தட்டு தட்டினால்தான் ஓடும். அதுவும் அவன் தட்டினால் ஓடாது, சுமலதா தட்ட வேண்டும். எட்டு மாதப் பாப்பா கேட்காது. அவன் தூக்கினால் மட்டும் அதற்கு மூத்திரம் வரும். மனைவி சுமலதாவும் அவன் பேச்சைக் கேட்டதில்லை என்று சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள். "இன்னா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

மிச்சம் இருந்தது ரௌட்டர் ஒன்றுதான். டெலிபோன் லைனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே நந்தி மாதிரி படுத்திருக்கும் கையகலப் பெட்டி. அந்த வீட்டுக்குள் இன்டர்நெட் என்று ஒன்று வந்தால் அதன் வயிற்றுக்குள் புகுந்துதான் வர வேண்டும். துளசிராமன் அதைத்தான் குறி வைத்தான்.

அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், கம்ப்யூட்டர் பிரிவைக் கட்டி மேய்ப்பவன். பள்ளிப்பட்டில் பிறந்து, பாலிடெக்னிக்கில் படித்தவன். ஆலையில் அத்தனை கம்ப்யூட்டரும் அவன் கண்ணசைத்தால் எழுந்து நிற்கும். அப்பேர்ப்பட்டவன் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதி ஆளாகிவிடுவான். மீதிப் பாதியை சுமலதா கடைக்கு அனுப்பிவிடுவாள்.

பெட்டி மேல் அவனுக்கு அப்படி என்ன கோபம்? பெட்டி மேல் இல்லை. அதன் வழியாக வீட்டுக்குள் வரப்போகும் வேலையின் மேல்.

சென்னையில் ஒரு கம்பெனி. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்வதை அனுப்புவார்கள். வீட்டிலிருந்தே கேட்டு, டைப் அடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சுமலதா கான்வென்ட்டில் படித்தவள். 'டாட்டர்' என்றால் மகளா டாக்டரா என்று அவள் குழம்ப மாட்டாள். விண்ணப்பித்தாள். திங்கள் முதல் வியாழன் வரை செய்து காட்டு என்றார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வரும். மூன்று மணிக்குள் திரும்பி வர வேண்டும். ஒருநாள் தவறினாலும் அத்தோடு சரி.

"வேணாம் சுமா."

"ஏன் வேணாம்?"

"பாப்பா இருக்குதுல்ல?"

"பாப்பா பன்னெண்டு மணிக்குக் கண்ணை மூடினா மூணு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்துலதானே செய்யப்போறேன்."

"அந்த டாக்டருங்க பேசறது உனக்குப் புரியாது."

"உங்க நைனா பேசற பள்ளிப்பட்டுத் தெலுங்கே புரியுது. அவங்க பேசறது புரியாதா?"

"ஆபீஸ்ல இன்னா சொல்லுவானுங்க? பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பிட்டான்னு..."

"யாரும் எங்கேயும் அனுப்பலை. நான் தூளிக்குப் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். ஆபீஸ்காரங்களை ஜன்னல் வழியா வந்து எட்டிப் பாக்கச் சொல்லுங்க."

கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "தப்பு அடிச்சன்னா ஒரு நோயாளி கதை கந்தலாயிடும். பயமா இல்ல உனக்கு?"

 சுமலதா பாப்பாவின் ஜட்டியை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"பயமாத்தான் இருக்குது," என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்."

  துளசிராமன் மறுநாள் பஸ்ஸில் பாக்கியராஜிடம் போய் அழுதான். பாக்கியராஜ் அதே ஆலையில் எலக்ட்ரீஷியன். கல்யாணமாகாதவன். ஆகவே குடும்ப விஷயங்களில் அவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

"நீ ஏன்டா வேணாம் வேணாம்னு வாயை விடற?" என்றான் பாக்கியராஜ். "பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் உங்க ஊட்ல நெட்டே இல்லைன்னு வெச்சுக்க. அது யாரு தப்பு?"

"யாரு தப்பு?"

"லைன்காரன் தப்பு. நீ பாட்டுக்கு இங்க சோத்து டப்பாவைத் திறந்துக்கினு இருப்ப. ஒருநாள் அனுப்ப முடியலைன்னா அவங்களே வேணாம்னுடுவாங்க. நீ ஊட்டுக்குப் போயி, 'அடடா, பேஜாராப் போச்சே சுமா'ன்னு ஒரு மொழம் பூ வாங்கிக் குடு."

"அந்த ரௌட்டர்ல நேரம் வெச்சு அடைக்க முடியாதே."

"கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்த சாஃப்ட்வேருக்கு அவ்ளோ மூளை கிடையாது. அதைக் கழட்டிப் போட்டுட்டு லினக்ஸ் ஏத்து. நெட்டுல ஓசிலயே கிடைக்குது. பொட்டி அதேதான். உள்ள இருக்கற ஆளு வேற."

துளசிராமனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. லினக்ஸ் ஏற்றுவது அவனுக்குப் புதிதில்லை. போன பொங்கலுக்கு, ஹார்ட் டிஸ்க் மாட்டி வைக்கிற சின்ன ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றுக்கு இப்படித்தான் கம்பெனி போட்ட ஃபர்ம்வேர் என்கிற உள் மென்பொருளைக் கழற்றிவிட்டு வேறு ஏற்றினான். பாதி ஏறும்போது கரண்ட் போய்விட்டது. பெட்டி போனது போனதுதான். 'செங்கல் ஆயிடுச்சு' என்பார்கள் அந்தத் தொழிலில்.

"செங்கல்தான் வேணும்னா பெரியபாளையம் ரோட்டுல சூளை சூளையா இருக்குதே," என்றாள் அன்று சுமலதா. "இதுக்கு எதுக்குங்க இவ்வளவு பாடு?"

அந்தப் பெட்டி இப்போது ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. நன்றாகவே தாங்கியது.

இந்த முறை ஏமாறக்கூடாதென்று ஆலையில் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய யு.பி.எஸ். ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தான். கரண்ட் போனாலும் ரௌட்டர் அணையாது. அந்த வருஷம்தான் தெருத்தெருவாக முறை வைத்துக் கரண்டைப் பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் தெருவுக்குக் காலை ஆறிலிருந்து எட்டு.

ஆக, ஞாயிற்றுக்கிழமை. நாஷ்டாவுக்கு முன்னால்.

ஒரு சிக்கல். அந்த வேலைக்கு மூன்று கை வேண்டும். பெட்டியின் முதுகில் ஊசி நுழையும் ஓட்டை ஒன்று உண்டு. அதற்குள் இருக்கிற பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டே மின்சார ஒயரைப் பிடுங்க வேண்டும், மாட்ட வேண்டும். துளசிராமனுக்கு இருந்தது இரண்டே கை.

"சுமா, இங்க வா. உன் ஊக்கு ஒண்ணு குடு."

சுமலதாவின் தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். ஒன்றைக் கழற்றி விரித்தாள். இடுப்பில் பாப்பா.

"இந்த ஓட்டையில உட்டு அழுத்திக்க. நான் ஒயரைப் புடுங்குவேன், உடாத. மாட்டுவேன், அப்பவும் உடாத. முப்பது எண்ணு."

எண்ணினாள். "இப்படி அழுத்தினா என்ன ஆகும்?"

"பழசெல்லாம் மறந்துடும். இப்பதான் பொறந்தா மாதிரி. பாஸ்வேர்டுகூடப் போயிடும்."

"யாரு அழுத்தினாலுமா?"

"யாரு அழுத்தினாலும். அதுக்கு ஆளா தெரியும்?"

"ம்," என்றாள் சுமலதா.

புத்தியுள்ள புருஷன் அந்த 'ம்'முக்கு அங்கேயே வேலையை நிறுத்தியிருப்பான். துளசிராமன் சொற்பொழிவு தொடங்கினான்.

"இது இன்னா தெரியுமா? விடுதலை! காசு குடுத்து வாங்கினது நாம. அதுல இதான் ஓடணும், இதைத் தொடக்கூடாதுன்னு சொல்ல கம்பெனிக்காரன் யாரு? எவன் கையில இருக்குதோ அவன்தான் ராஜா. உள்ள இருக்கறதைப் பிரிக்கலாம், மாத்தலாம். எவன் வேணா மாத்தலாம்!"

"எவ?"

"எவன்."

"எவ மாத்தக்கூடாதா?"

"அட, எவனா இருந்தாலும் எவளா இருந்தாலும் மாத்தலாம்மா. லினக்ஸ்ல ஆம்பளை பொம்பளை கிடையாது."

பாப்பா கைதட்டியது.

புது ஃபர்ம்வேர் ஏறியது. பச்சை விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் திறந்தது. எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் ஏதோ ஓர் அதிகாரம் கைக்கு வந்தது. துளசிராமன் ஒரு ஜமீன்தாரைப் போல ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தான். ஓரிடத்தில் புருவம் ஏறியது.

"பாத்தியா அக்கிரமத்தை! மணி தெரியணும்னா இது வெளியூர்ல எவனையோ கேக்குமாம். என் ஊட்டுப் பொட்டி எவனோ ஒரு வெள்ளைக்காரன் வாசல்ல போயி, 'அய்யா, மணி இன்னாங்க?'ன்னு கை கட்டிக்கினு நிக்கணுமா? நான் சொல்றேன் மணி! இந்தா அடைச்சிட்டேன். என் பொட்டி எவன்கிட்டயும் மணி கேக்காது."

"கேட்டாதான் என்ன? வாயா தேஞ்சிடும்?"

"கேக்கக் கூடாது. அது சுதந்திரம்."

சுமலதா தோளைக் குலுக்கிவிட்டு தோசை ஊற்றப் போனாள். அவள் தலை மறைந்ததும் துளசிராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தானே மணி வைத்தான். தன் பெயரில் ஒரு பாஸ்வேர்டு போட்டான். பிறகு, இவ்வளவு நேரமும் இதற்காகவே காத்திருந்த அந்த இரண்டு கட்டளைகளைத் தட்டினான். பகல் பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்து. மூன்றுக்குத் திற.

பெட்டி கேட்டுக்கொண்டது. அன்று அவன் ஏழு தோசை சாப்பிட்டான்.

திங்கட்கிழமை, பன்னிரண்டே காலுக்கு, ஆலையில் அவன் மேஜை போன் அடித்தது.

"ஏங்க, நெட் போயிடுச்சுங்க." குரல் உடைந்திருந்தது. பின்னால் தூளிக் கயிறு கிரீச் கிரீச் என்றது. "பாதி ஃபைல்தான் இறங்குச்சு. மூணு மணிக்குள்ள அனுப்பலைன்னா..."

"அடடா. லைன்ல ஃபால்ட்டா இருக்கும்."

"நான் என்னங்க பண்றது?"

இங்கே துளசிராமன் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பான். ஆனால் ஒன்றும் அறியாதவன்போல நடிக்க வேண்டுமே. அக்கறை காட்ட வேண்டுமே. கம்ப்யூட்டர்காரர்கள் யார் எதைக் கேட்டாலும் சொல்கிற மந்திரத்தையே சொன்னான்.

"பொட்டியோட ஒயரைப் புடுங்கிட்டு மறுபடி மாட்டிப் பாரு. எனக்குத் தெரிஞ்சு வராது. சும்மா பாரு."

போனில் கொஞ்ச நேரம் தூளிச் சத்தம் மட்டும் கேட்டது.

"வந்துடுச்சுங்க!"

"வந்து... டுச்சா?"

"நீங்க சொன்ன மாதிரியே! நல்லவேளை உங்களைக் கேட்டேன். சரி, வெச்சுடறேன், டாக்டர் காத்துக்கினு இருக்காரு."

துளசிராமன் போனை அது இருக்க வேண்டிய இடத்தில் வைக்காமல் சோற்று டப்பாவுக்குள் வைத்தான்.

ராத்திரி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. இப்போது மணி என்ன என்று பெட்டியைக் கேட்டால், காலை ஏழே முக்கால் என்றது. தேதி கேட்டால், 1970 ஜனவரி ஒன்று என்றது. துளசிராமன் பிறப்பதற்கே முந்தின வருஷம். கைக்கடிகாரத்துக்கு இருக்கிற மாதிரி ஒரு சின்ன பேட்டரி அந்தப் பெட்டிக்குள் கிடையாது. ஒயரைப் பிடுங்கினால் மணி மறந்துவிடும். மாட்டினால் நள்ளிரவிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்கும். அவள் ஒயரை மாட்டிய நிமிஷம் பெட்டிக்கு நடுராத்திரி. அதற்குப் பகல் பன்னிரண்டு ஆக இன்னும் அரை நாள் வேண்டும்.

வெளியே யாரையாவது கேட்க விட்டிருந்தால் அடுத்த நொடியே மணி தெரிந்திருக்கும். அதைத்தான் சுதந்திரம் என்று அடைத்திருந்தானே.

கையால் மறுபடி மணி வைத்தான். "சுமா, இனிமே அந்த ஒயரைத் தொடாத. அடிக்கடி புடுங்கினா பொட்டி கெட்டுடும்."

"நீங்கதானே புடுங்கச் சொன்னீங்க?"

"அது நேத்து."

"நேத்து ஞாயித்துக்கெழமைங்க. இன்னிக்குத்தான் சொன்னீங்க."

"எப்பவோ சொன்னேன். இப்ப வேணாம்ன்றேன்."

செவ்வாய்க்கிழமை போன் அடிக்கவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று, மூன்றும் ஆயிற்று. துளசிராமன் பாக்கியராஜுக்கு டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்தால் சுமலதா முகத்தில் அழுத தடமே இல்லை. அழுது முடித்துக் கழுவியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். எட்டு மணிக்கு, உலகத்து லினக்ஸ்காரர்களெல்லாம் கூடிப் பேசுகிற பக்கத்தைத் திறந்தான். திறக்கவில்லை.

நெட் இல்லை. பெட்டியைக் கேட்டான். பகல் பன்னிரண்டு மணி இரண்டு நிமிஷம் என்றது. 1970.

"சுமா! இன்னிக்குக் கரண்ட் எப்ப வந்தது?"

"எப்பவும் போலத்தான். ஆறுக்குப் போய் எட்டுக்கு வந்தது."

எட்டிலிருந்து எட்டு. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. காலையில் கரண்ட் போனபோது யு.பி.எஸ். கையை விரித்திருக்கிறது. எட்டு மணிக்கு நடுராத்திரியாக விழித்த பெட்டி, பகலெல்லாம் அவளுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, இப்போது இவன் முகத்தில் சாத்துகிறது!

"யு.பி.எஸ். பேட்டரி செத்துப் போச்சு," என்றான்.

"அப்படியாங்க?" என்றாள் சுமலதா, கத்தரிக்காய் அரிந்துகொண்டே.

புதன்கிழமை பஸ்ஸில் பாக்கியராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "டேய், எதுக்குடா பேட்டரி? அந்த மணி கேக்கறதை நீ அடைச்சு வெச்சிக்கிறியே, அதைத் திறந்து உட்டா முடிஞ்சுது. கரண்ட் போனாலும் வந்தாலும் அதுவே மணி கேட்டுத் தெரிஞ்சுக்கும்."

"முடியாது. ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்."

"யாருகிட்ட சொன்ன?"

"என் பொண்டாட்டி முன்னாடி சொல்லிட்டேன்டா."

அதனால் அன்று மாலை அவன் கும்மிடிப்பூண்டி கடையில் புது பேட்டரி வாங்கினான். மாட்டுக்கன்று கனம். பெரியபாளையத்தில் ஆடிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பஸ் நகரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பஞ்சேலை கட்டியவர்களும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியவர்களும் போனார்கள். யாரோ வேண்டிக்கொண்ட கோழி ஒன்று கூடையிலிருந்து எட்டி, மடியில் பேட்டரியோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தது. அதன் கண்ணில் அனுதாபம் தெரிந்தது.

ராத்திரி பேட்டரியை மாட்டினான். மணியை வைத்தான். மூன்று நாள் அவள் தப்பிவிட்டாள். ஒருநாள் போதும். நாளைக்கு வியாழன். ஒரே ஒருநாள் மூன்று மணிக்குள் போகாவிட்டால் அவள் வேலை முடிந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் துளசிராமன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கவில்லை. சோற்று டப்பாவைத் திறந்தான். அவனுக்குப் பிடித்த காராமணிக் குழம்பு. ஒரு வாய் வைத்தான். 'பயமாத்தான் இருக்குது' என்று அவள் சொன்னது ஏனோ அப்போது காதில் விழுந்தது. டப்பாவை மூடினான். போனை எடுத்தான். வீட்டு நம்பரில் பாதியை அழுத்தினான். வைத்துவிட்டான். ஆண்பிள்ளை ஆரம்பித்ததை நடுவில் விடக்கூடாதல்லவா? மூன்று மணி அடித்தபோது ஜெயித்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

இறங்கியதும் இரண்டு முழம் மல்லிகை வாங்கினான். 'அடடா, பேஜாராப் போச்சே சுமா' என்பதை வழியெல்லாம் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தான்.

மாடிப்படியில் மெஹர்னிசா அக்கா இறங்கி வந்தாள். மேல்போர்ஷன்காரி. பழவேற்காட்டுக்காரி. புருஷன் சஹாபுதீன் ஷார்ஜாவில்.

"வாங்க தம்பி! பூவெல்லாம் பலமா இருக்குதே. உங்களுக்கும் தெரிஞ்சுடுச்சா?"

"இன்னாக்கா தெரிஞ்சுடுச்சா?"

"சுமாவுக்கு வேலை கெடைச்சதுதான். மாஷா அல்லா! மூணு மணிக்கு அனுப்ப வேண்டியதை ரெண்டேகாலுக்கே அனுப்பிச்சுட்டாளாம். அப்புறம் என்னைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் முன்னாடி உக்கார வெச்சா. அவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்டு, பகல்ல ரூம்லதான் இருக்காரு. மூஞ்சி எவ்ளோ தெளிவா தெரிஞ்சுது தெரியுமா? மூக்குமேல இருக்கற மச்சம்கூடத் தெரியுது தம்பி! உங்க ஊட்டு நெட்டு பகல்ல தங்கம்."

"பகல்ல... இன்னிக்கா?"

"டெய்லியும்தான். ராத்திரிலதான் உங்களுக்கு ஏதோ தகராறாமே? பாவம்."

துளசிராமன் பூவைக் கையில் பிடித்தபடியே உள்ளே போனான். பாப்பா தரையில் கிண்ணத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து நெய் வாசனை வந்தது. நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பெட்டியின் பக்கத்தைத் திறந்தான். பாஸ்வேர்டு போட்டான். தப்பு என்றது. இன்னொரு முறை, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினான். தப்பு.

"சுமா!"

"இருங்க, முந்திரி கருகிடும்."

"இதுல பாஸ்வேர்டு போட்டா..."

"மாத்திட்டேன்."

"நீயா?"

சுமலதா கரண்டியோடு வந்து நின்றாள். மறுகையால் தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கைத் தூக்கிக் காட்டினாள். "யாரு அழுத்தினாலும் மறந்துடும்னு சொன்னீங்களே. நானும் யாரோதானே? இன்னிக்குக் காலையில அழுத்தினேன். அப்புறம் உக்காந்து எல்லாப் பக்கத்தையும் படிச்சேன். நல்ல இங்கிலீஷ்லதான் எழுதியிருக்கான். இதைப் படிக்கத்தானே சிஸ்டர் என்னை அவ்ளோ நாள் முட்டி போட வெச்சாங்க?"

"எப்பக் கண்டுபுடிச்ச?"

"திங்கக்கெழமை பன்னெண்டு மணிக்கு. நம்ம லைன் எத்தனையோ தடவை போயிருக்குது. என்னிக்காச்சும் மணி அடிச்சா மாதிரி பன்னெண்டுக்குப் போயிருக்குதா? லைன்காரங்க எதைத்தான் சொன்ன நேரத்துக்குச் செஞ்சிருக்காங்க? அப்பவே ஏதோ இருக்குதுன்னு தோணிச்சு. செவ்வாக்கெழமை வேலைக்கு முன்னாடி, பயத்துல, எட்டு மணிக்கு ஒரு தடவை ஒயரைப் புடுங்கி மாட்டினேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். ராத்திரி எட்டுக்கு உங்களுக்குப் போச்சு. எட்டுக்கும் எட்டுக்கும் நடுவுல பன்னெண்டு. பாப்பா எப்பக் குடிச்சுது, எப்பக் குடிக்கும்னு நாள் பூரா மணியையே பாத்துக்கினு இருக்கறவ நான். எனக்கு இந்தக் கணக்கு வராதா?"

"அப்ப... யு.பி.எஸ். பேட்டரி?"

"அது நல்லாத்தான் இருந்தது. நீங்களா செத்துப் போச்சுன்னீங்க. மடியில வெச்சுக்கினு வந்தீங்களே, எனக்கே பாவமா இருந்துச்சு."

துளசிராமன் பேச வாய் திறந்தான். அவள் கரண்டியை நீட்டி நிறுத்தினாள். நெய் ஒரு சொட்டு தரையில் விழுந்தது. 

"நீங்க சண்டை போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன். போட்டுட்டுச் சேர்ந்து சாப்பிட்டிருப்போம். பொட்டிக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுக்கினீங்க பாருங்க, அதான். நாலு நாளும் பயந்துக்கினேதான் செஞ்சேன். டாக்டருக்குப் பயம், பாப்பா எழுந்துடுமோன்னு பயம், நெட்டு போயிடுமோன்னு பயம். செஞ்சுட்டேன். திங்கக்கெழமையிலேர்ந்து வேலை. டெய்லி, பன்னெண்டுலேர்ந்து மூணு. எவன் கையில இருக்குதோ அவன்தான் ராஜான்னு நீங்கதானே சொன்னீங்க? பகல் பூரா இது என் கையிலதான் இருக்குது."

துளசிராமன் கையிலிருந்த மல்லிகையைப் பார்த்தான். எதற்கு வாங்கியதோ, எதற்கோ ஆகட்டும் என்று நீட்டினான். அவள் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். நிலைமை கொஞ்சம் இளகியதாக அவனுக்குப் பட்டது.

"சரி. நல்லாத்தான் செஞ்சிக்கிற," என்றான். "அந்தப் பாஸ்வேர்டு இன்னா?"

"கேக்கக் கூடாதுங்க," என்றாள் சுமலதா. "அது சுதந்திரம்."

உள்ளே போய்விட்டாள்.

போகட்டும். நெட்டாவது இருக்கிறதே. லினக்ஸ்காரர்கள் பக்கத்தைத் திறந்தான். உலகத்தில் எவனுக்காவது இந்தக் கதி நேர்ந்திருக்கிறதா, மீள வழி உண்டா என்று தேடத் தொடங்கினான். பக்கம் பாதி இறங்கியது. அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தில் எட்டு.

"சுமா! நெட்டு போச்சு!"

"லைன்ல ஃபால்ட்டா இருக்கும்." அவள் வந்து பாப்பாவைத் தூக்கி அவன் மடியில் உட்கார வைத்தாள். "எட்டுலேர்ந்து ஒன்பதரை வரைக்கும் சாத்தியிருக்கேன். பாப்பா அப்பாவைத் தேடற நேரம் அது. சந்தேகமா இருந்தா ஒயரைப் புடுங்கி மாட்டிப் பாருங்க."

துளசிராமன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். பாவம், பெண்ணுக்கு என்னதான் இருந்தாலும் அனுபவம் போதாது. இந்தப் பெட்டியின் மறதியை அவன் எத்தனை ராத்திரி பார்த்திருக்கிறான்! ஒயரைப் பிடுங்கினால் மணி மறந்துவிடும். மாட்டினால் நடுராத்திரி. கதவு திறந்துவிடும். பாப்பாவை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகையால் ஒயரைப் பிடுங்கினான். முப்பது எண்ணினான். மாட்டினான்.

மடி வெதுவெதுப்பாக நனைந்தது. பொருட்படுத்தவில்லை. பச்சை விளக்கையே பார்த்தான்.

விளக்கு கண்ணைச் சிமிட்டியது. சுமலதாவின் ஊக்கில் பழைய தடையை மறந்திருந்த பெட்டி விழித்தது. வெளியே எங்கோ ஒரு வெள்ளைக்காரன் வாசலில் போய் நின்று, "அய்யா, மணி இன்னாங்க?" என்று கேட்டது. எட்டு ஐந்து என்று பதில் வந்தது. பெட்டி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, துளசிராமன் முகத்தில் கதவைச் சாத்தியது.